மிஸ்ரின் மண் மனைகள்

வீட்டைக் குறிக்க அரபு மொழியில் வழங்கும் சொற்களுள் 'மஸ்கன்' என்பது ஒன்று. அமைதி எனப் பொருள்படும் 'ஸகீனத்' என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. வெளியே வெயிலிலும் புழுதியிலும் உழன்று வந்த மனிதன் உள்ளே புகுந்து உடலும் உள்ளமும் ஆறும் இடமே வீடு என்பது அச்சொல்லின் உட்கிடக்கை. இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு இன்று நாம் கட்டும் வீடுகளை அளந்து பார்த்தால் என்ன விடை கிடைக்கும்? சித்திரை மாதத்துப் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம், அந்தி சாய்ந்த பின்னர் அவ்வெப்பத்தை உள்ளே உறங்குவோர் மீது இறக்குகிறது. வசதி படைத்தவர் ஏ.சி. கருவியை முடுக்குகிறார். வசதியற்றவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுகிறார்.

வீடே வெப்பத்தை விளைவிக்கிறது. அதனைப் போக்க மின்சாரத்தைச் செலவிடுகிறோம். உலகில் செலவாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளிரூட்டும் கருவிகளுக்கும் மின்விசிறிகளுக்குமே சென்றுவிடுகிறது என்று சர்வதேச எரிசக்தி முகமை 2018ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது. மனிதச் செயல்களால் காற்றில் சேரும் கரியமில வாயுவில் 7 முதல் 8 விழுக்காடு வரை சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது. சூடேறும் வீட்டைக் கட்டுவதற்கும் உலகம் விலை கொடுக்கிறது. கட்டிய வீட்டைக் குளிர்விப்பதற்கும் மறுபடி விலை கொடுக்கிறது.

இம்முரண்பாட்டை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்து, மாற்று வழி தேடிப் புறப்பட்டவர் ஒருவர் உண்டு. நம் முன்னோர் 'மிஸ்ர்' என்று வழங்கிய எகிப்து நாட்டின் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ என்பார் அவர். அவருடைய வரலாற்றில் ஒரு பெரும் வெற்றியும் உண்டு. ஒரு பெரும் தோல்வியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் பயன் முழுமை பெறும்.

கூரை இல்லாத சுவர்கள்

ஹஸன் ஃபத்ஹீ 1900ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். 1926இல் கெய்ரோவில் கட்டடக் கலைக் கல்வியை முடித்தார். 1930 முதல் அந்நகரின் நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். அந்நாளில் எகிப்தில் கட்டடக் கலை என்றால் ஐரோப்பிய முறை என்றே பொருள். மாணவர்கள் பாரிஸ் நகரத்து மாளிகைகளைப் படித்தனர். நைல் நதிக்கரைக் குடியானவன் எப்படி வாழ்கிறான் என்பது பாடத்தில் இல்லை.

குடியானவனின் வீடோ இருளடைந்து இடிந்து கிடந்தது. அவனுக்கு நல்ல வீடு வேண்டும் என்று பேசியவர்கள் சிமென்டையும் இரும்பையும் காட்டினார்கள். அவற்றின் விலை அவனுக்கு எட்டாதது. ஃபத்ஹீயின் சிந்தனை வேறு திசையில் சென்றது. குடியானவனின் காலடியிலேயே மண் கிடக்கிறது, வைக்கோல் இருக்கிறது, சுட்டெரிக்கும் சூரியன் இருக்கிறது. இம்மூன்றையும் கொண்டு சூளையில் இடாமலேயே பச்சைக்கல் அறுத்து உலர்த்திக்கொள்ளலாம். எரிபொருளும் தேவையில்லை, வண்டிச் சத்தமும் இல்லை. அப்படியானால் மண்ணையே ஏன் செம்மையாகப் பயன்படுத்தக் கூடாது என்று அவர் எண்ணினார்.

ஆனால் ஓர் இடர் குறுக்கே நின்றது. சுவர் எழுப்ப மண் போதும். கூரைக்கு மரம் வேண்டும். எகிப்து மரவளம் இல்லாத நாடு. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் வெளிநாட்டு மரமும் இரும்பும் வருவது நின்றது. கெய்ரோவுக்கு அருகே பஹ்தீம் என்னும் ஊரில் ஒரு வேளாண் பண்ணைக்காக அவர் எழுப்பிய வீடுகள் கூரையின்றி நின்றன. மண்கல்லையே வளைத்துக் கூரையாக்க முயன்றார். கல்லைத் தாங்கக் கீழே மரச்சட்டம் வேண்டும். இந்நாளில் நம் கொத்தனார்கள் 'சென்ட்ரிங்' என்பார்களே, அது. அந்தச் சட்டத்துக்கும் மரம் கிடைக்கவில்லை. சட்டமின்றிக் கட்டிப் பார்த்தார். வளைவுகள் சரிந்து விழுந்தன.

நூபியக் கொத்தனார்கள்

அந்த வேளையில் அஸ்வான் அணையில் பணியிலிருந்த அவருடைய தமையனார் ஒரு செய்தி கூறினார். தென்கோடியில் வாழும் நூபிய மக்கள், கீழே எவ்விதத் தாங்கலும் இல்லாமல் மண்கல்லால் வளைகூரை கட்டுகிறார்கள் என்பதே அது. 1941ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஃபத்ஹீ தம் மாணவர்களுடன் தெற்கே பயணமானார். அஸ்வான் நகரம் அவருக்கு ஏமாற்றமே அளித்தது. ஆற்றைக் கடந்து மேற்குக் கரையிலிருந்த கர்ப் அஸ்வான் சிற்றூரை அடைந்தபோது அவர் திகைத்து நின்றார். தூய்மையும் அழகும் மிளிரும் வீடுகள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றின் கூரைகள் யாவும் மண் வளைவுகள். அவற்றைக் கட்டியவர்களுள் எந்தக் கல்லூரியிலும் பயின்றவர் ஒருவரும் இலர்.

பின்னர் அபுர் ரீஷ் என்னும் ஊரில் அக்கலை அறிந்த கொத்தனார்களைத் தேடிக் கண்டார். அவர்கள் வேலை செய்யும் முறையை அருகிருந்து கவனித்தார். அம்முறை கேட்பதற்கு எளியது. எண்ணிப் பார்த்தால் வியப்பூட்டுவது.

அறையின் நான்கு சுவர்களுள் ஒரு பக்கச் சுவரை மட்டும் உயர்த்திக் கட்டுவார்கள். அச்சுவரின் மீது ஈரமண்ணால் வளைகோடு ஒன்று தீட்டுவார்கள். நூலும் கோலும் கருவியும் இல்லை. கையே கருவி, கண்ணே அளவு. பின்னர் 25 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் அகலமும் 5 சென்டிமீட்டர் கனமும் உள்ள மெல்லிய மண்கற்களை அக்கோட்டின் வழியே அடுக்குவார்கள். இக்கற்களில் எடை குறைய வேண்டும் என்பதற்காக வைக்கோல் மிகுதியாகச் சேர்க்கப்பட்டிருக்கும். ஈரமாக இருக்கும்போதே கல்லின் முகத்தில் விரல்களால் கோடு இழுத்திருப்பார்கள். அடுத்த கல் மண்சாந்தோடு வைக்கப்படும்போது அக்கோடுகள் அதைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். முதல் வரிசைக் கற்கள் நேர்நிற்காமல் உயர்ந்த சுவரின் மேல் சற்றே சாய்ந்து நிற்கும். இரண்டாம் வளையம் முதல் வளையத்தின் மேல் சாயும். மூன்றாவது இரண்டாவதன் மேல் சாயும். ஒவ்வொரு வளையமும் தனக்கு முந்தியதால் தாங்கப்படுவதால் கீழே மரச்சட்டம் தேவைப்படுவதில்லை.

இதில் நுண்ணிய இயற்பியல் ஒன்றும் அடங்கியிருக்கிறது. மண் அமுக்கத்தைத் தாங்கும்; இழுப்பையோ வளைவையோ தாங்காது. கொத்தனார்கள் கையால் வரைந்த கோடு அரைவட்டமாக இல்லாமல் பரவளைவாக அமைந்திருந்தது. அவ்வடிவில் கல் அனைத்தும் ஒன்றையொன்று அமுக்கி நிற்குமே அன்றி எக்கல்லும் இழுபடுவதில்லை. பொறியியல் நூல்கள் கணக்கிட்டுச் சொல்லும் இவ்வுண்மையை அக்கொத்தனார்கள் பாட்டன் கையிலிருந்தும் தகப்பன் கையிலிருந்தும் பெற்றிருந்தார்கள்.

இக்கலையின் தொன்மையை அறிய ஃபத்ஹீ நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருக்கவில்லை. லக்ஸருக்கு எதிரே மேற்குக் கரையில், இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் ராமேஸியம் கோயிலை ஒட்டித் தானியக் களஞ்சியங்கள் நிற்கின்றன. அவையும் சாய்ந்த மண்கல் வளையங்களாலேயே கட்டப்பட்டவை. வயது 3,200 ஆண்டுகளுக்கு மேல். மண் கரைந்துபோகும் என்று ஏளனம் செய்வோருக்கு அக்களஞ்சியங்களே மறுமொழி கூறிக்கொண்டிருக்கின்றன. மழை குறைந்த நாடு என்பதும் அதற்கு ஒரு காரணம். அதையும் நாம் மறக்கலாகாது.

காற்றைப் பிடித்த கெய்ரோ

கூரைக்கு விடை நூபியாவில் கிடைத்தது. காற்றுக்கு விடை ஃபத்ஹீ வாழ்ந்த நகரத்திலேயே இருந்தது. மம்லூக் காலத்திலும் உஸ்மானியர் காலத்திலும் எழுந்த கெய்ரோவின் பழைய இல்லங்களை அவர் புதிய கண்களோடு பார்க்கத் தொடங்கினார்.

அவ்வில்லங்களின் கூரை மேல் 'மல்கஃப்' என்னும் காற்றுவாங்கி நிற்கும். எகிப்தில் காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுவதால் அதன் வாய் வடக்கு நோக்கித் திறந்திருக்கும். தெருவின் புழுதிக்கும் இரைச்சலுக்கும் மேலே ஓடும் குளிர்ந்த காற்றைப் பிடித்து அது கீழே கூடத்துக்குள் இறக்கும். கூடத்தின் நடுப்பகுதி மிக உயர்ந்திருக்கும். வெப்பக் காற்று மேலெழுந்து அங்குள்ள சாளரங்கள் வழியே வெளியேறும். வெளியேறும் காற்றின் இடத்தை நிரப்ப மேலும் காற்று உள்ளே வரும். 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த முஹிப்புத்தீன் என்பாரின் கூடம் இவ்வமைப்புக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு என்று ஃபத்ஹீ எடுத்துக்காட்டினார்.

'மஷ்ரபிய்யா' என்னும் மரச்சல்லடைச் சாளரத்தைப் பலரும் வெறும் அலங்காரமென்றே எண்ணுகிறார்கள். அருந்துவதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்த பெயர் அது. குடிநீர்ப் பானைகளைக் காற்றோட்டத்தில் குளிரவைக்கும் இடமாகவே அது தோன்றிற்று. பின்னர் அதுவே கண்கூசும் வெயிலைத் தணித்து ஒளியை மட்டும் உள்ளே விடவும், காற்றை மறிக்காதிருக்கவும், உள்ளே இருக்கும் பெண்டிர் தெருவைக் காணவும், தெருவில் போவோர் அவர்களைக் காணாதிருக்கவும் பயன்பட்டது. வெப்பத்துக்கும் கோஷாவுக்கும் ஒரே சாதனம் விடையளித்தது.

நடுமுற்றத்தின் வேலையும் அத்தகையதே. இரவில் குளிர்ந்த காற்று முற்றத்தில் வந்து தேங்கும். பகலில் வெயில் ஏறும்வரை அக்குளிர்ச்சி சுற்றியுள்ள அறைகளில் தங்கும். 1648இல் தொடங்கப்பெற்ற சுஹைமீ இல்லத்தில் ஒரு முற்றத்துக்கும் பின்புறத் தோட்டத்துக்கும் இடையே 'தக்தபூஷ்' என்னும் திறந்த திண்ணைக்கூடம் உண்டு. இரு வெளிகளும் ஒரே அளவில் சூடேறுவதில்லை. அவ்வேறுபாட்டினால் இடையே எப்போதும் மெல்லிய காற்று ஓடிக்கொண்டிருக்கும்.

கூர்னாவின் கதை

கற்றவற்றை ஒரு முழு ஊரில் செய்து காட்டும் வாய்ப்பு ஃபத்ஹீக்கு 1945இல் வந்தது. லக்ஸருக்கு எதிரே உள்ள மலைச்சரிவில் கூர்னா மக்கள் குடியிருந்தார்கள். அவர்களுடைய வீடுகளுக்கு அடியிலும் அருகிலும் பண்டைய எகிப்தின் பிரபுக்களுடைய கல்லறைகள் இருந்தன. அக்கல்லறைகளிலிருந்து பழம்பொருள்களை எடுத்து விற்பது ஊரில் பலருக்குத் தொழிலாகிவிட்டிருந்தது. அவ்வூர்க் குடும்பமொன்று 1871ஆம் ஆண்டளவில் அரசர்களின் சடலங்கள் ஒளித்துவைக்கப்பட்டிருந்த குகையையே கண்டுபிடித்து, பத்தாண்டுகள் மறைத்துவைத்திருந்ததை வரலாறு கூறும். 1940களில் ஒரு கல்லறையின் பாறைச் சிற்பமே பெயர்த்தெடுக்கப்பட்டது. தொல்பொருள் துறை விழித்துக்கொண்டது. மலைவாழ் மக்கள் அனைவரையும் கீழே சமவெளிக்குக் கொண்டுவர முடிவு செய்து, புதிய ஊரை நிறுவும் பணியை ஃபத்ஹீயிடம் ஒப்படைத்தது.

ஏறத்தாழ 50 ஏக்கர் நிலத்தில் 900 குடும்பங்களுக்கு வீடுகள் அமைப்பது திட்டம். ஒரே அச்சில் வார்த்த வீடுகளை அவர் விரும்பவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் அளவும் தொழிலும் வேறு. ஆகவே வீடும் வேறாக வேண்டும் என்றார். உறவினர் குழுக்கள் ஒன்றாக வாழும்படி வீடுகளைச் சிறு முற்றங்களைச் சுற்றி அமைத்தார். அஸ்வானிலிருந்து நூபியக் கொத்தனார்கள் வந்து உள்ளூரார்க்குக் கலையைக் கற்பித்தார்கள். பள்ளிவாசல், சந்தை, பாடசாலைகள், அரங்கம், கைத்தொழில் பயிலும் கூடம் ஆகியனவும் எழுந்தன. பள்ளிவாசலின் குப்பாவும், வெளிப்புறப் படிக்கட்டோடு ஏறிச்செல்லும் மினாராவும் மண்ணாலும் மாண்பு படைக்கலாம் என்பதற்குச் சான்றாக நின்றன.

1946 முதல் 1949 வரை வேலை நடந்து, பாதியிலேயே நின்றது. திட்டமிட்ட வீடுகளில் மிகச் சிலவே முடிந்தன. அரசு அலுவலகங்களில் காகிதங்கள் நகரவில்லை. வைக்கோலுக்கும் கூலிக்கும் பணம் உரிய காலத்தில் வரவில்லை. கூர்னா மக்களோ குடிபெயர மறுத்தார்கள். நைல் வெள்ளம் பெருகிய ஒரு காலத்தில் புதிய ஊரைக் காத்துநின்ற கரை இரவோடிரவாக வெட்டப்பட்டு நீர் உள்ளே புகுந்ததையும் ஃபத்ஹீ தம் நூலில் எழுதியிருக்கிறார்.

தோல்வியின் பாடம்

கூர்னா மக்களைக் கல்லறைத் திருடர் என்று இகழ்ந்து இக்கதையை முடித்துவிடுவது எளிது. அது நீதியன்று. அவர்களுக்கு மலையில் இருந்த வாழ்வு சமவெளியில் இல்லை. பழம்பொருள் வாணிபம் ஒருபுறமிருக்க, வந்துபோகும் பயணிகளுக்கு வழிகாட்டுவதும் கைவினைப் பொருள் விற்பதும் அங்கேதான் நடந்தன. அவர்களைக் கேளாமலே எங்கோ ஓர் அலுவலகத்தில் அவர்களுடைய குடிபெயர்வு முடிவு செய்யப்பட்டது. தங்களை வெளியேற்றுவதற்காகவே கட்டப்படும் வீட்டுக்குத் தாங்களே கல் சுமக்க எவர் விரும்புவர்? எகிப்தில் பெரியோர்களின் அடக்கத்தலங்களுக்கே குப்பா அமைப்பது வழக்கம். வாழும் வீட்டுக்குக் குப்பாவா என்ற தயக்கமும் மக்களிடையே இருந்ததாகப் பின்வந்த விமரிசகர்கள் கூறினர்.

ஃபத்ஹீ மக்களை மதித்தவர்; குடும்பந்தோறும் தேவையறிந்து வீடு வரைய முயன்றவர். ஆயினும் அவரைப் பணியமர்த்திய ஆணை மக்களின் ஆணையன்று. வீட்டின் வடிவத்தில் அவர்களுடைய சொல்லைக் கேட்க அவர் ஆயத்தமாக இருந்தார். எங்கே வாழ்வது என்னும் முதற்கேள்வியில் அவர்களுடைய சொல்லுக்கு அரசு இடமே வைக்கவில்லை. சுவர் எவ்வளவு குளிர்ச்சி தந்தாலும் குடியிருப்போரின் சம்மதமின்றி அது மஸ்கன் ஆவதில்லை.

இவ்வனுபவத்தை அவர் மறைக்கவில்லை. 'கூர்னா: இரு கிராமங்களின் கதை' என்ற பெயரில் 1969இல் கெய்ரோவில் நூலாக வெளியிட்டார். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் 1973இல் 'ஏழைகளுக்கான கட்டடக் கலை' என்னும் பெயரில் அதனை மறுபதிப்புச் செய்தது. தோற்றுப்போன ஓர் ஊரின் கதை உலகெங்கும் கட்டடக் கலை மாணவர்களின் பாடநூலாயிற்று.

அளந்து கண்ட உண்மை

கூர்னாவுக்குப் பின் மனம் நொந்த ஃபத்ஹீ 1957இல் ஏதென்ஸ் சென்றார். பின்னர் இஸ்லாமாபாத் நகருக்குத் திட்டம் வரைந்த கிரேக்க அறிஞர் டாக்ஸியாடிஸின் நிறுவனத்தில் சில ஆண்டுகள் பணியாற்றி, 1960களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார். 'மண் வீடு குளிர்ச்சி தரும் என்பது கவிஞர் பேச்சு, கணக்கு எங்கே?' என்று கேட்டோருக்கு விடை 1964இல் கிடைத்தது.

கெய்ரோவின் கட்டட ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் சோதனை அறைகள் கட்டப்பட்டன. ஒன்றுக்கு 50 சென்டிமீட்டர் கனத்தில் மண்கல் சுவரும், வளைகூரையும் குப்பாவும் அமைத்தார்கள். மற்றொன்றுக்கு 10 சென்டிமீட்டர் கனமுள்ள ஆயத்தக் கான்கிரீட் பலகைகளே சுவரும் கூரையும். மார்ச் மாதத்தில் ஒரு நாள் முழுவதும் வெப்பநிலையை அளந்தார்கள். மண் அறையின் உள்ளே 24 மணி நேரத்தில் வெப்பம் 21 முதல் 23 டிகிரி செல்சியஸ் வரை மட்டுமே மாறியது. கான்கிரீட் அறையின் உள்ளே 36 டிகிரியைத் தொட்டது. மண் அறையைவிட 13 டிகிரி மிகுதி. வெளிக்காற்றைவிடவும் 9 டிகிரி மிகுதி. அந்தக் கான்கிரீட் அறையில் இருப்பதைவிட வெளியே நிழலில் நிற்பதே மேல் என்பது இதன் பொருள்.

காரணம் விளங்காததன்று. தடித்த மண்சுவர் பகலின் வெப்பத்தை மெல்ல மெல்ல உள்வாங்குகிறது. அவ்வெப்பம் மறுபுறம் வந்து சேருமுன் பொழுது சாய்ந்து, பாலைநிலத்தின் குளிர்ந்த இரவு வந்துவிடுகிறது. வளைந்த கூரையின் ஒரு பகுதி எப்போதும் தன் நிழலிலேயே இருக்கிறது. உள்ளே வெப்பக் காற்று ஆட்களின் தலைக்கு மேலே உயர்ந்துவிடுகிறது. மெல்லிய கான்கிரீட் பலகைக்கு இந்தப் பொறுமை இல்லை. வெயிலை வாங்கிய கையோடு உள்ளே கொடுத்துவிடுகிறது.

கார்கா பாலைவனச் சோலையில் பாரிஸ் என்னும் பெயருடைய புதிய ஊரை அமைக்கும் பணி அடுத்து வந்தது. காய்கறிகள் வாடாதிருக்க நிலவறைக் கிடங்குகளும் அவற்றுக்குக் காற்றை இறக்கும் கோபுரங்களும் உள்ள சந்தையொன்றை மின்சாரமின்றியே இயங்குமாறு அவர் வகுத்தார். 1967ஆம் ஆண்டுப் போர் அதனையும் பாதியில் நிறுத்திற்று.

உலகம் அவரை அறிந்துகொள்ள நாளாயிற்று. 1980இல் ஆகா கான் கட்டடக் கலை விருதுக் குழுவின் தலைவர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் 'மாற்று நோபல்' எனப் போற்றப்படும் பரிசும் கிடைத்தது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அபிக்யூ என்னுமிடத்தில் 'தாருல் இஸ்லாம்' குடியிருப்புக்குப் பள்ளிவாசல் கட்ட அவரை அழைத்தனர். எண்பது வயதில் நூபியக் கொத்தனார்களையும் உடனழைத்துச் சென்று அவர் அதனை எழுப்பினார். 1989இல் கெய்ரோவில் மறைந்தார்.

இன்றைய நிலை

அவருக்குக் கலை கற்பித்த நூபியருக்கு நேர்ந்தது என்ன? அஸ்வானின் பழைய அணை 1933இல் உயர்த்தப்பட்டபோதே அவர்களுடைய ஊர்கள் பல நீரில் மூழ்கின. மேட்டில் ஏறி மீண்டும் மண் வளைவுகளால் வீடு கட்டிக்கொண்டார்கள். பேரணை எழுந்தபோது 1963-64இல் ஏறத்தாழ 50,000 நூபியர் கோம் ஓம்போ பகுதிக்குப் பெயர்க்கப்பட்டார்கள். அரசு அவர்களுக்கு வரிசை வரிசையாக ஒரே மாதிரி வீடுகளைக் கொடுத்தது. கூர்னாவின் பாடத்தை யாரும் படித்திருக்கவில்லை.

பேரணை மற்றொன்றையும் மாற்றிற்று. ஆண்டுதோறும் நைல் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அணைக்குப் பின்னே தேங்கிவிட்டது. செங்கல் அறுக்க வயலின் மேல்மண்ணைச் சுரண்டினால் அது மீண்டும் நிரம்பாது. ஆதலால் 1983இல் எகிப்து அரசு அதனைச் சட்டத்தால் தடைசெய்தது. மண் வீடு வேண்டுவோரும் இன்று வயல்மண்ணை விடுத்துப் பாலைநிலத்து மண்ணை நாட வேண்டியிருக்கிறது. மண்ணும் அளவற்ற செல்வமன்று.

பழைய கூர்னாவின் மலைவீடுகளை 2006ஆம் ஆண்டின் இறுதியில் அரசு இடிக்கத் தொடங்கிற்று. மக்கள் வேறிடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஃபத்ஹீயின் புதிய கூர்னாவில் நிலத்தடி நீர் ஏறிச் சுவர்களை அரித்தது. பல வீடுகள் இடிந்து கான்கிரீட் வீடுகளாயின. உலக நினைவுச்சின்ன நிதியம் 2010இல் அதனை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. யுனெஸ்கோவும் அதனைக் காக்கும் முயற்சியில் இறங்கிற்று. ஊர் மக்கள் தொடர்ந்து தொழுதுவந்த பள்ளிவாசல் மற்றவற்றைவிட நன்றாகவே நிலைத்திருந்தது. மக்கள் தமதென்று ஏற்றுக்கொண்ட மண் நிலைத்தது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

நமக்கு என்ன?

நூபியக் கொத்தனார்களின் கலை நம் கரையையும் வந்தடைந்திருக்கிறது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 1989 முதல் இயங்கும் மண் கட்டடக் கலை நிறுவனம், தாங்குசட்டமின்றி வளைகூரையும் குப்பாவும் கட்டும் முறையை நூபிய முறையிலிருந்தே வளர்த்தெடுத்துக் கற்பிக்கிறது. அங்கே வயல் வண்டலையும் சூளை நெருப்பையும் நாடுவதில்லை. அடிமண்ணோடு சிறிதளவு சிமென்டைக் கலந்து எந்திரத்தில் இறுக அமுக்கிக் கல்லாக்குகிறார்கள். நமது மழையைத் தாங்க அச்சிறு சேர்க்கை வேண்டியிருக்கிறது.

எகிப்தில் கண்டதை அப்படியே பெயர்த்து நம்மூரில் நடுவது ஃபத்ஹீயின் வழியாகாது. அவருடைய கலை வறண்ட வெப்பத்துக்கு உரியது. மதுரை போன்ற உள்நாட்டு ஊர்களின் கோடைக்கு அதில் பாதி பொருந்தலாம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. இரவும் பெரிதாகக் குளிர்வதில்லை. அங்கே நீர்ப்பானை வைத்த சாளரம் குளிர்ச்சி தராது. தடித்த சுவர் மட்டும் போதாது. அங்கே வேண்டுவது நிழலும் ஊடோடும் காற்றும். திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் எதிரெதிர்ச் சாளரங்களும் ஓட்டுக்கூரையும் வைத்து நம் முன்னோர் கட்டியது அதனை அறிந்துதான். அவற்றைப் பழமை என்று இடித்துவிட்டு, முற்றத்தை மூடித் தளம் போட்ட பின்னர் வீடு கொதிக்கிறது என்று முறையிடுகிறோம். துபாய்க்குச் சென்று உழைத்து வந்த நம்மவர் அங்கே அல் ஃபஹீதி வட்டாரத்தில் 'பர்ஜீல்' என்னும் காற்றுக் கோபுரங்களைப் பார்த்திருக்கக் கூடும். மின்சாரம் வந்ததும் அக்கோபுரங்கள் காட்சிப்பொருள்களாயின. ஊர் திரும்பி வீடு கட்டும்போது அங்கிருந்து நாம் கொண்டுவந்தது பெரும்பாலும் கண்ணாடி முகப்பையும் மூடிய அறைகளையுமே.

புதுமனை கட்டத் தொடங்குவோர் தேக்கு மரத்துக்கும் பளிங்குத் தரைக்கும் விலை விசாரிக்குமுன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. இந்த மனையில் காற்று எத்திசையிலிருந்து எம்மாதத்தில் வருகிறது? மாலை வெயில் எந்தச் சுவரைச் சுடுகிறது? அருகில் கிடைக்கும் பொருள் எது? அதனைக் கையாளத் தெரிந்த கொத்தனார் இவ்வூரில் எஞ்சியிருக்கிறாரா? வீட்டில் நாளெல்லாம் இருக்கப்போகும் தாய்மாரும் முதியோரும் என்ன சொல்கிறார்கள்? இக்கேள்விகளுக்குச் செலவில்லை. ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுக்க முன்வரும் ஜமாஅத்துகளும் அறநிலையங்களும் அரசும் இவற்றோடு மற்றொன்றையும் கேட்க வேண்டும்: அங்கே குடிபுகப் போகிறவரை நாம் கேட்டோமா?

அபுர் ரீஷ் ஊரின் எழுத்தறியாக் கொத்தனார்களிடம் கல்லூரி ஆசிரியராகிய ஹஸன் ஃபத்ஹீ மாணவராய் நின்றார். அந்தப் பணிவிலிருந்துதான் மண் அறையின் 23 டிகிரி பிறந்தது. நம் ஊர்களிலும் அத்தகைய கைகள் இன்னும் சில இருக்கின்றன. அவை ஓயுமுன் அவற்றினிடம் கற்றுக்கொள்வோமாக.